இருபத்து நான்கு யூரோ நாற்பது சென்ட்

என் எக்ஸெல் தாளில் ஒரு கட்டம் இன்னும் பச்சை நிறத்தில் இருக்கிறது. அதில் 24.40 என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆஸ்திரியாவைக் கடக்கும்போது டோலில் நான் மிச்சம் பிடிக்கப்போவதாக நினைத்த தொகை அது. நெடுஞ்சாலையில் ஓட்டுவதற்கு வாங்குகிற பத்து நாள் அனுமதிக்கு, விக்னெட் என்பார்கள், 12.40, மலையைக் கடக்கிற பிரென்னர் நெடுஞ்சாலைக்குத் தனியாக 12, ஆக இருபத்து நான்கு யூரோ நாற்பது சென்ட். 2025 ஜூனில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். மகளுக்கு பவேரியப் பள்ளிகளின் பெந்தெகொஸ்து விடுமுறை. நான்கு பேரும் சமைக்கவும் தூங்கவும் வசதியுள்ள ஒரு வாடகை மோட்டார்ஹோமில், நாங்கள் குடியிருக்கிற தெற்கு ஜெர்மனியின் அவுக்ஸ்புர்க்கிலிருந்து ஆல்ப்ஸைத் தாண்டித் தெற்கு இத்தாலிக் கடற்கரை வரை போவது என்று முடிவானதும், அந்த ஒரு கட்டத்துக்காக நான் மூன்று ராத்திரி கண் விழித்தேன். வண்டி வாடகையை முடிவு செய்ய மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. பயணம் முடிந்து இத்தனை நாள் கழித்தும் இந்த முரண் என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கணக்கை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். விடுமுறைக் காலம் என்பதால் வாடகை ஒரு ராத்திரிக்கு 139 யூரோ. பத்து ராத்திரிக்கு 1,390. வண்டியைக் கையில் கொடுப்பதற்கும் திரும்ப வாங்கிக்கொள்வதற்கும் ஒரு கட்டணம், 150. நாங்கள் குறிவைத்தது கார்கானோ, பூட்ஸ் மாதிரி இருக்கிற இத்தாலி வரைபடத்தின் குதிகாலுக்குச் சற்று மேலே கடலுக்குள் துருத்திக்கொண்டிருக்கும் மலைப்பகுதி. போக வர சுமார் 2,500 கிலோமீட்டர். இந்த மாதிரி உயரமான பெட்டி வண்டி நூறு கிலோமீட்டருக்குப் பதினொன்றரை லிட்டர் டீசல் குடிக்கும், நூற்றுப் பத்தில் விரட்டினால் இன்னும் அதிகம். லிட்டர் 1.65 என்று வைத்தால் டீசலுக்கு மட்டும் 470-க்கு மேல். இவ்வளவுக்கும் நடுவில் ஆஸ்திரிய டோல் வெறும் 24.40. ஆனால் வாடகை ஒரு தடவை கட்டி மறந்துவிடுகிற காசு, டீசல் தவிர்க்க முடியாத காசு, டோல்தான் "கொஞ்சம் புத்தியிருந்தால் கொடுக்காமல் போயிருக்கலாமே" என்று குத்திக்கொண்டே இருக்கிற காசு. ஊரில் டோல்கேட்டுக்கு முன்னால் பிரிந்துபோகிற மண்சாலையில் காரை இறக்கிப் பெருமைப்பட்டுக்கொள்கிற மாமாக்களின் ரத்தம்தானே எனக்குள்ளும் ஓடுகிறது.

எடை மேடை

மோட்டார்ஹோமில் ஆல்ப்ஸைக் கடக்க நினைக்கிறவர்கள் வரைபடத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் வண்டியின் பதிவுச் சான்றிதழை எடுத்து எஃப்.1 என்ற கட்டத்தைப் பாருங்கள், வண்டியின் உச்ச எடை அதில்தான் இருக்கும். 3,500 கிலோவுக்குள் இருந்தால் ஆஸ்திரியாவில் கார்களைப் போல விக்னெட்டோடு முடிந்தது. ஒரு கிலோ கூடினாலும் கோ-பாக்ஸ் என்ற கருவியை வாங்கிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் கட்ட வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து அவர்கள் பார்ப்பது வண்டியின் தொழில்நுட்ப உச்ச எடையை. சிலர் கனமான வண்டியைக் காகிதத்தில் மட்டும் 3.5 டன்னாக இறக்கிப் பதிந்து வைத்திருப்பார்கள், அவர்கள் இதில் மாட்டுகிறார்கள். சுவிட்சர்லாந்திலும் கோடு அதேதான், 3.5 டன். அதற்குள் இருந்தால் 40 பிராங்க் விக்னெட், தாண்டினால் நாள் கணக்கில் கனரக வண்டிக் கட்டணம். சாதாரண ஜெர்மன் பி வகை உரிமத்துக்கும் அதுவே எல்லை. இந்திய உரிமத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இங்கே எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் திரும்ப எழுதியவன் நான், அந்த உரிமத்தை வைத்து விளையாட எனக்குத் தைரியம் கிடையாது.

எங்கள் வண்டியின் உச்ச எடை 3,500. சாமான் ஏற்றுவதற்கு முன்னால் காகிதத்தில் 3,030 கிலோ, மிச்சம் 470 கிலோ தாராளம் என்று நினைத்திருந்தேன். அந்த 3,030-ல் ஓட்டுநர் எடை, டீசல், ஒரு கேஸ் சிலிண்டர் எல்லாம் சேரும், ஆனால் தண்ணீர் டேங்க்கை முழுதாகக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்று உற்பத்தியாளர்களுக்கு ஒரு சலுகை உண்டு, இருபது லிட்டர் மட்டும் வைத்துக்கூடக் காட்டலாம். நாங்கள் நூறு லிட்டரும் நிரப்பி, இரண்டாவது சிலிண்டர், இரண்டு சைக்கிள், நாற்காலி மேசை, அம்மாவின் குக்கர், இட்லித் தட்டு, பத்து கிலோ பொன்னி அரிசி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊர் விவசாயக் கிடங்கின் எடை மேடையில் ஏறினோம். 3,570. தஞ்சாவூர் பக்கம் நெல் லோடு எடை போடுவதைப் பார்த்தே வளர்ந்த அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. "ஏன்டா தம்பி, நம்மளயும் சேத்துதான் போடுறானா? நான் வேணா இறங்கிக்கட்டுமா?" என்றார்.

அம்மாவை இறக்க முடியாது. தண்ணீரில் எண்பது லிட்டரை வடித்தோம். இரண்டாவது சிலிண்டர் போனது. தீர்ந்துபோனால் ஜெர்மன் சிலிண்டரை இத்தாலியில் மாற்றித் தர மாட்டார்கள், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வகை, ஆனால் பத்து நாள் சமையலுக்குப் பதினொரு கிலோ கேஸ் தாராளம். சைக்கிள்கள் போயின. கடைசியில் என் மனைவி அரிசிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா வேறெங்கோ பார்த்தார். இரண்டு கிலோவைத் தனியாக எடுத்துக்கொண்டு மீதியை வீட்டில் வைத்தோம். மேடை 3,440 என்றது. அம்மா அன்று சாயங்காலம் வரை என்னிடம் சரியாகப் பேசவில்லை.

மலையில் எங்கே ஓட்டை

அவுக்ஸ்புர்க்கிலிருந்து தெற்கே போக உருப்படியான வழிகள் மூன்று. முதலாவது எல்லோரும் போகிற பிரென்னர். கணவாயின் உயரம் 1,370 மீட்டர்தான், நெடுஞ்சாலையிலேயே ஏறி நெடுஞ்சாலையிலேயே இறங்கிவிடலாம், அதனாலேயே பாதி ஐரோப்பாவும் அங்கே வந்து முட்டிக்கொள்கிறது. போதாக்குறைக்கு 2025 தொடக்கத்திலிருந்து அந்த நெடுஞ்சாலையின் லூக் பாலத்தைப் புதுப்பிக்கும் வேலை, திசைக்கு ஒரே தடம் என்கிற நாட்களும் உண்டு. இரண்டாவது மேற்கே சுற்றிக்கொண்டு சுவிஸ் வழியாகச் சான் பெர்னார்டினோ. 6.6 கிலோமீட்டர் சுரங்கம், 40 பிராங்க் விக்னெட்டிலேயே அடக்கம், கோட்ஹார்ட் சுரங்கத்தைப் போல வாசலில் மணிக்கணக்கில் காக்க வைக்காத வழி. மிலானுக்கோ ஜெனோவாவுக்கோ போகிறவர்களுக்கு அதையே சொல்வேன், கிழக்கே ஆட்ரியாட்டிக் கடல் பக்கம் போகிறவர்களுக்கு அது காதைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை. மூன்றாவது ஃபுஸன் வழியாக ஃபெர்ன்பாஸ் ஏறி, லாண்டெக் தொட்டு, ரெஷன் கணவாய். 1,500 மீட்டர் உயரம், ஊர்ச்சாலையாகவே போனால் டோல் கிடையாது, ஆனால் ஒன்றரை மணி நேரம் கூடுதல். நான் அதை ஒரே பார்வையில் தள்ளிவிட்டேன்.

எனக்குப் பிடித்துப்போனது பிரென்னரிலேயே ஒரு திருட்டு வழி. திருட்டு என்றால் சட்டவிரோதம் இல்லை. கார்மிஷ், மிட்டன்வால்ட் வழியாக எல்லையைக் கடந்து, சேஃபெல்ட் மேட்டு நிலத்தைத் தாண்டி, சிர்ல் என்ற ஊருக்கு இறங்கினால் இன் நதிப் பள்ளத்தாக்கு. அங்கிருந்து ஊர்ச்சாலையிலேயே இன்ஸ்புருக், அப்புறம் நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே ஓடும் பழைய பிரென்னர் சாலை. நெடுஞ்சாலைத் தாரில் ஒரு சக்கரம்கூடப் படாது. வார இறுதிகளிலும் விடுமுறை நாட்களிலும் ஆஸ்திரியாவின் திரோல் மாநில நிர்வாகம் இந்த மாதிரி நழுவிப்போகும் வண்டிகளைக் கிராமச் சாலைகளிலிருந்து திருப்பி அனுப்புவது உண்டு, நாங்களோ செவ்வாய்க்கிழமை கிளம்புகிறோம். எல்லாம் பக்காவாகப் பொருந்தியது. கட்டத்துக்குப் பச்சை அடித்தது அன்று ராத்திரிதான்.

சிர்லர் பெர்க்

சேஃபெல்ட் கிட்டத்தட்ட 1,180 மீட்டரில் இருக்கிறது. சிர்ல் 620 மீட்டரில். நடுவில் சிர்லர் பெர்க் என்ற இறக்கம், சரிவு 16 சதவீதம். நூறு மீட்டர் ஓடுவதற்குள் பதினாறு மீட்டர் கீழே. நெடுஞ்சாலைகளில் 6 சதவீதத்துக்கே எச்சரிக்கைப் பலகை வைப்பார்கள். நானும் அந்த எண்ணைப் படித்திருந்தேன், படித்துவிட்டு "சரி, இறக்கம்தானே, ஏற்றம் என்றால்தான் வண்டி திணறும்" என்று நினைத்ததும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மிட்டன்வால்டில் மதியச் சாப்பாடு முடித்துவிட்டுக் கிளம்பினோம். நல்ல வெயில். சேஃபெல்ட் தாண்டி மரங்கள் விலகியதும் இன் பள்ளத்தாக்கு மொத்தமும் காலடியில் திறந்தது, மகள் "அப்பா, ஏரோப்ளேன்ல இருக்கற மாதிரி இருக்கு" என்றாள், நான் ரசித்துக்கொண்டே நான்காவது கியரில் இறங்கத் தொடங்கினேன். பின்னால் ஒரு உள்ளூர்க் கார் ஒட்டிக்கொண்டு வந்தது. அவனுக்கு வழிவிட இடமில்லை, வேகமாகப் போகவும் பயம், ஆகவே காலை பிரேக்கிலேயே வைத்து லேசாக அழுத்திக்கொண்டே வந்தேன். அந்த "லேசாக"வில்தான் எல்லாத் தப்பும் இருந்தது. ஓங்கி மிதித்துக் காலை எடுத்தால் பிரேக் தகடுகளுக்கு நடுநடுவே ஆற நேரம் கிடைக்கும், தடவிக்கொண்டே வந்தால் கிடைக்காது. ஓரத்தில் "எமர்ஜென்சி தடம்" என்று மணலும் ஜல்லியும் கொட்டிய ஒரு மேட்டுப் பாதை மலையைப் பார்த்து ஏறியது, பிரேக் போன வண்டிகள் ஏறி நிற்பதற்கு. அதைப் பார்த்த பிறகும் எனக்கு உறைக்கவில்லை.

முதலில் மூக்கில் பட்டது அம்மாவுக்குத்தான். "என்னடா தம்பி, குக்கர் அடி பிடிக்குதா? நான் அடுப்ப அணைச்சுட்டுத்தானே வந்தேன்?" என்று பின்னால் எட்டிப் பார்த்தார். மனைவி எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள், நான் உட்காரச் சொல்லிக் கத்தினேன், கத்திக்கொண்டே மிதித்தபோது பெடல் வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. இன்னும் கீழே போனது. கல் மாதிரி இருந்தது பஞ்சு மாதிரி ஆகிவிட்டிருந்தது. அடுத்த வினாடி என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு மூன்று தடவை பெடலைக் குத்தியிருக்கிறேன், மூன்றாவதுக்கும் அப்புறம் இரண்டாவதுக்கும் கியரைத் தள்ளியிருக்கிறேன், எஞ்சின் அலறியது, அலமாரியில் இருந்த டம்ளர்கள் எல்லாம் முன்னால் வந்து விழுந்தன, வண்டி மூக்கைப் பிடித்து இழுத்த மாதிரி வேகம் குறைந்தது. அடுத்த வளைவை ஒட்டி வண்டிகள் நிற்க ஒரு இடம் இருந்தது. அதில் உருண்டு போய் நின்றேன். முன்சக்கரங்கள் இரண்டிலிருந்தும் வெள்ளையாகப் புகை. யாரும் எதுவும் பேசவில்லை. ஒட்டிக்கொண்டு வந்த கார்க்காரன் மட்டும் எங்களைத் தாண்டிப் போகும்போது ஒரு தடவை ஹார்ன் அடித்தான், நன்றியா வசவா தெரியவில்லை.

தண்ணீர் ஊற்றி ஆற்றலாமா என்று மனைவி கேட்டாள். கூடாது, சூடான தகடு கோணிக்கொள்ளும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். சும்மா இருக்க முடியாமல் போனில் கணக்குப் போட்டேன், என் வியாதி அது. 3,440 கிலோ, 500 மீட்டர் இறக்கம், கிட்டத்தட்ட 17 மெகாஜூல். ஐம்பது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு. காற்றும் எஞ்சினும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டிருக்க வேண்டும், எஞ்சினை நான்காவது கியரில் தூங்கவிட்டு மொத்தச் சூட்டையும் சாப்பாட்டுத் தட்டு அளவு இரும்புகளின் தலையில் நான்தான் கட்டினேன். பிரேக் ஆயிலில் காலப்போக்கில் ஈரம் சேரும், ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் குழாயில் குமிழி, குமிழி அமுங்கும், அதுதான் பஞ்சு.

கொல்லிமலைப் பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற சித்தப்பாவிடம் அன்று ராத்திரி போனில் இதைச் சொன்னேன். எழுபது கொண்டை ஊசி வளைவில் வருஷக்கணக்காக ஏறி இறங்கியவர். "எந்த கியர்ல ஏறுவியோ அந்த கியர்லயே எறங்கணும்டா, அது மாட்டுவண்டி ஓட்டுறவனுக்குக்கூடத் தெரியும்" என்றார். மாட்டுவண்டியில் ஏது கியர் என்று நான் கேட்கவில்லை.

அதற்கப்புறம் கணக்கு மாறியது

பழைய பிரென்னர் சாலையில் போகிற தைரியம் எனக்கு இல்லை. இன்ஸ்புருக்கில் நேராக ஏ13 என்கிற பிரென்னர் நெடுஞ்சாலையில் ஏறி 12 யூரோவைக் கட்டினேன். அந்தச் சாலைக்கு விக்னெட் வேண்டாம், தனி டோல் மட்டும் போதும், ஆக மிச்சம் பாதியானது. 190 மீட்டர் உயர யூரோப்பா பாலத்தில் போகும்போது வாழ்க்கையில் முதல் முறையாக டோல் கட்டியதற்குச் சந்தோஷப்பட்டேன். எல்லை தாண்டி இத்தாலியில் ஸ்டெர்ட்சிங் பக்கம் லாரிகள் நிற்கிற இடத்தை ஒட்டி ராத்திரி தங்கி, காலையில் ஒரு பட்டறையில் காட்டினோம். முன் தகடுகள் நீலம் பாரித்திருந்தன, பேட்கள் கண்ணாடி மாதிரி வழவழத்துப் போயிருந்தன. பேட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 270 யூரோ. வாடகைக்குக் கொடுத்தவர்களைக் கேட்டேன், ஓட்டிய விதத்தால் வந்தது என்றால் உங்கள் செலவுதான் என்றார்கள். அதில் சண்டை போட என்னிடம் எதுவும் இல்லை.

அங்கே பட்டறை வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் மனைவி கேட்டாள், "ஏங்க, அவ்ளோ தூரம் போய்த்தான் ஆகணுமா?" எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மூன்று ராத்திரித் திட்டம். அப்புறம் எக்ஸெல்லைத் திறந்து பார்த்தேன். நூறு கிலோமீட்டருக்கு டீசல் மட்டும் பத்தொன்பது யூரோ. கார்கானோவை விட்டுவிட்டு, வட இத்தாலியில் ‘போ’ என்ற நதியின் கழிமுகத்தோடு நின்றால் 800 கிலோமீட்டருக்கு மேல் குறையும். 150 யூரோவுக்கு மேல் மிச்சம், கூடவே ஆட்ரியாட்டிக் நெடுஞ்சாலையின் டோல் முழுவதும் மிச்சம், இரண்டு முழு நாள் ஸ்டியரிங் பிடிக்காமல் மிச்சம். பட்ஜெட்டில் ஆல்ப்ஸைக் கடப்பது எப்படி என்று நான் படித்த எல்லாமே எந்தக் கணவாய், எந்தச் சுரங்கம், எந்தத் திருட்டு வழி என்பதையே பேசின. மலையைத் தாண்டியதும் எங்கே நிறுத்திக்கொள்வது என்று நான் யோசித்ததே இல்லை, பூட்ஸின் குதிகால் வரை போனால்தான் போனதாகக் கணக்கு என்று யார் சொன்னார்கள் என்றும் தெரியவில்லை.

வெரோனா வரை ஏ22, காசு கொடுத்துத்தான். இத்தாலிய டோலில் முன் அச்சுக்கு நேராக வண்டியின் உயரம் 1.30 மீட்டரைத் தாண்டினால் பி வகுப்பு, காரைவிடச் சற்று அதிகம், கடிக்கிற அளவு இல்லை. வெரோனாவிலிருந்து ரோவிகோ வரை எஸ்.எஸ்.434 என்று ஒரு நான்கு வழிச்சாலை, சல்லிக்காசு கிடையாது, மேடு பள்ளமும் கிடையாது. இலவசத்தை இந்த மாதிரி சமவெளியில் தேடிக்கொண்டிருக்கலாம். வெனிஸ் பக்கத்திலிருந்து ரவென்னாவுக்குப் போகும் ரோமேயா சாலையும் இலவசம்தான், இரண்டே வழி, எதிரே வரிசையாக லாரிகள், நான் அதைக் கூடுமானவரை தவிர்த்தேன். டீசலுக்கு நெடுஞ்சாலைப் பங்க் பக்கம் தலைவைக்காதீர்கள், ஊருக்குள் பெயர்ப்பலகை இல்லாத வெள்ளைப் பங்க்குகள் உண்டு, அவற்றிலும் நாமே போட்டுக்கொள்கிற குழாய் ஒரு விலை, ஆள் போட்டுவிடுகிற குழாய் வேறு விலை. பழைய ஊர்களின் நடுவில் குறிப்பிட்ட வண்டிகளுக்கு மட்டும் அனுமதி என்ற, சிவப்பு ஓரம் போட்ட வட்டப் பலகையைப் பார்த்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். கேமரா பேசாமல் படம் பிடிக்கும், மாதக்கணக்கில் கழித்து வீட்டுக்குக் கடிதம் வரும்.

தூங்குகிற விஷயம் தனி. திரோலில் முகாம்களுக்கு வெளியே ராத்திரி தங்குவது தடை, அங்கே சாமர்த்தியம் காட்ட வேண்டாம். இத்தாலியின் சாலைச் சட்டம் 185-ஆவது பிரிவு ஒரு அழகான வேறுபாட்டைச் சொல்கிறது. மோட்டார்ஹோம் தன் சக்கரங்களில் மட்டும் நின்று, தன் அளவைத் தாண்டி இடத்தை அடைக்காமல், எதையும் வெளியே வடிக்காமல் இருந்தால் அது வண்டி நிறுத்தம்தான், முகாம் இல்லை. ஒரு நாற்காலியை வெளியே போட்டு உட்கார்ந்தால், ஒரு கால் தாங்கியை இறக்கினால், முகாம். அம்மாவுக்கு இது புரியவே இல்லை. "உள்ள உக்காந்து சாப்பிட்டா சரி, வாசல்ல உக்காந்து சாப்பிட்டா தப்பா? திண்ணையே இல்லாத வீட்ட எதுக்குடா வாடகைக்கு எடுத்த?" என்று கேட்டார். சட்டம் அனுமதித்தாலும் ஊராட்சிகள் தனியாகத் தடைப்பலகை வைத்திருக்கும். அதனால் பெரும்பாலும் வண்டிகளுக்கென்றே இருக்கிற சோஸ்தா இடங்களில் பதினைந்து இருபது யூரோ கொடுத்துத் தங்கினோம். தண்ணீர் பிடிக்கலாம், கழிவைக் கொட்டலாம், நிம்மதியாகத் தூங்கலாம். காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரே ஒரு ராத்திரி ஒரு தொழிற்பேட்டை ஓரத்தில் நிறுத்தினேன், விடிய விடிய ஒவ்வொரு ஹெட்லைட்டுக்கும் எழுந்து உட்கார்ந்தேன்.

போ கழிமுகம்

கோமாக்கியோ கால்வாய்களின் ஊர், விலாங்கு மீனுக்குப் பேர் போனது. நாங்கள் அங்கே ஐந்து ராத்திரி இருந்தோம். கார்கானோவின் வெள்ளைப் பாறைகளுக்காகத் தன்னைத் தயார் செய்திருந்த மகளுக்கு முதல் நாள் முகம் தொங்கிப்போயிருந்தது, அங்கே கடல் ஆழமில்லாமல் முழங்கால் அளவிலேயே வெகுதூரம் போவதைக் கண்டுபிடித்த பிறகு சரியானாள். ஆனால் அந்த இடம் அம்மாவுக்காகவே இருந்தது. யோலாண்டா தி சவோயா என்று உள்ளே ஒரு ஊர், சதுப்பை வடித்து எடுத்த நிலம், கடல் மட்டத்துக்கும் தாழ்வு. அந்தப் பக்கம் வண்டியை விட்டபோது அம்மா திடீரென்று "நிறுத்துடா" என்றார். நிறுத்தினேன். இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டிய வயல். ஒரு சாண் உயரத்துக்குப் பச்சை. நெல்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் இறங்கி நடந்தார். குனிந்து ஒரு தூரைப் பிடித்துப் பார்த்தார். நடவு இல்லை, விதைப்பு, மெஷின் விதைப்பு, வரிசை பாருடா, களையே காணோம், மருந்து அடிச்சிருப்பான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். ஜெர்மனிக்கு வந்து ஒன்றரை மாதத்தில் அவருக்கு நான் சொல்லிப் புரியவைக்க வேண்டியிராத முதல் காட்சி அதுதான் என்று நினைக்கிறேன். டிராக்டரில் வந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து நிறுத்தினார். அவருக்கு இத்தாலியன், அம்மாவுக்குத் தமிழ், இரண்டு பேரும் வாய்க்காலைக் காட்டி, மதகைக் காட்டி, விரல்களை மடக்கி ஐந்து நிமிடம் பேசினார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "எத்தனை நாள் பயிருன்னு கேட்டேன், சொன்னாரு" என்றார். எத்தனை நாளாம் என்றேன். "உனக்கு எதுக்கு அது?" என்றார்.

அந்த ஊரிலேயே கார்னரோலி அரிசி வாங்கினோம். ரிசோட்டோ அரிசி குக்கரில் குழைந்துவிடும் என்று நான் எச்சரித்தேன், குழைந்துதான் போனது, அம்மா அதில் தயிரை ஊற்றி மாங்காய் ஊறுகாயோடு வைத்தார், அதற்கப்புறம் யாரும் பொன்னியைப் பற்றிப் பேசவில்லை. கிளம்புகிற அன்று காலை கோணிப்பை மாதிரி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். பன்னிரண்டு கிலோ. "எடை போடுவியே, போட்டுக்க" என்றார்.

திரும்பிய வழி

திரும்பும்போது ரெஷன். வெரோனாவிலிருந்து போட்சன், மெரான், அப்புறம் வின்ஷ்காவ் பள்ளத்தாக்கு, இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டுகிற வரை ஆப்பிள் தோட்டம். போட்சனுக்கும் மெரானுக்கும் நடுவே இருக்கிற விரைவுச்சாலையும் இலவசம். முதல் நாள் ராத்திரிதான் இந்த வழியைப் பற்றிச் சரியாகப் படித்தேன், படித்ததும் சிரிப்பாக வந்தது. கி.மு. 15-இல் ரோமானியத் தளபதி ட்ரூசஸ் படையோடு வந்த தடம், பிறகு ரோமானியப் பேரரசர் கிளாடியஸ் காலத்தில், கி.பி. 46-47-இல், சாலையாக முடித்து ஆட்ரியாட்டிக் கடலையும் போ நதியையும் வடக்கே இணைத்தார்கள். வியா கிளாவுதியா அவுகுஸ்தா என்று பெயர். அது தொட்டுப் போகிற ரோமானிய ஊர் எங்கள் அவுக்ஸ்புர்க். கனமான வண்டியும் மோசமான பிரேக்கும் வைத்திருந்தவர்கள் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஃபெர்ன்பாஸையும் ரெஷனையும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நான் குடியிருக்கிற ஊரிலிருந்து நாங்கள் பார்த்த போ நதிக்கே போட்ட ரோடு, டோல் இல்லாத ரோடு, நான் ஒரே பார்வையில் தள்ளிவிட்ட ரோடு.

ஏறுவது மெதுவாகத்தான் இருந்தது. எனக்கு அவசரம் போயிருந்தது. பின்னால் வண்டி சேர்ந்தால் ஓரம் ஒதுங்கி வழிவிட்டேன், ஒவ்வொரு இறக்கத்திலும் மகள் பின்னாலிருந்து "அப்பா, செகண்ட்" என்று ஞாபகப்படுத்திக்கொண்டே வந்தாள், சித்தப்பாவோடு நான் பேசியதை அவளும் கேட்டிருந்தாள் போல. மேலே ரெஷன் ஏரி. 1950-இல் அணையில் தண்ணீர் ஏறியபோது கிரவுன் என்ற கிராமம் மூழ்கியது, பழைய சர்ச்சின் மணிக்கூண்டு மட்டும் தண்ணீருக்கு நடுவே நிற்கிறது, எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மேட்டூரில் தண்ணீர் வற்றினால் வெளியே வருகிற நந்தியையும் கோபுரத்தையும் சொன்னார், அந்தச் சனங்களுக்கு வேறு இடம் கொடுத்தார்களா என்று கேட்டார், கரையில் புது ஊர் கட்டியிருக்கிறார்கள் என்று காட்டினேன். பிறகு காபி போடலாம் என்று எழுந்து போய்க் குழாயைத் திறந்தார்.

புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. பன்னிரண்டு கிலோ அரிசிக்கு ஈடுகட்ட காலையிலேயே டேங்கில் இருந்த தண்ணீரை நான் வடித்துவிட்டிருந்தேன். அம்மா குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே தளும்பிக்கொண்டிருந்த ஏரியைப் பார்த்தார். அப்புறம் மகளிடம் ஒரு சொம்பைக் கொடுத்து, பக்கத்து வண்டியில் இருக்கிற ஜெர்மன் தாத்தாவிடம் போய்க் கேட்டு வாங்கி வரச் சொன்னார்.